கரெண்டு போவதற்குள் ஒரு கில்

அந்த மாடி அறையின் மவுஸ்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கழுவ வேண்டும் போலிருக்கும். பத்து மவுஸ். பத்திலும் எவன் எவனோ விரலிலிருந்து உரிந்த அழுக்கு, கறுப்பாக, பட்டன் இடுக்கில் கோடு போட்டு உட்கார்ந்திருக்கும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் மிக்சர், முடி, நகம் எல்லாம் கொட்டும். ஹெட்போனின் பஞ்சு உறை, முன்னால் உட்கார்ந்து போனவனின் வேர்வையில் ஊறி, காதில் சில்லென்று ஒட்டும். கருமம். அதையெல்லாம் தொட்டுத் தடவிக்கொண்டு மூன்று வருஷம் அங்கே கிடந்தேன். சந்தோஷமாகக் கிடந்தேன். அதுதான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அப்பாவுக்கு அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பு இருந்தது. அதை விற்றுவிட்டுக் கடலூரில் டயர் கடை வைத்திருந்தார். காலையில் பஸ் ஏறி சிதம்பரம், சாயந்திரம் பஸ் ஏறி கடலூர். நடுவில் காலேஜ் என்று ஒன்று இருந்தது. மத்தியானத்துக்கு மேல் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

சென்டரில் பத்து கம்ப்யூட்டர். ஐந்து பேர் ஒரு சுவரோரம், ஐந்து பேர் எதிர்ச்சுவரோரம், முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு உட்காருவோம். ஐந்துக்கு ஐந்து என்று ஆடும் சண்டை அது. திரையில் ஒரு காடு, நடுவில் ஓர் ஆறு, இந்த மூலையில் ஒரு கோட்டை, அந்த மூலையில் ஒரு கோட்டை. ஆளுக்கு ஒரு வீரன். எதிரி கோட்டையை இடித்தால் வெற்றி. ஒரு ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேலே போகும். வீரர்கள் செத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிறந்து வருவார்கள். ஆனால் ஒருவனைக் கொன்றால் அது கணக்கில் ஏறும். அதைத்தான் கில் என்போம்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு மந்திரவாதி. உடம்பில் சத்தே கிடையாது, ரெண்டு அடி வாங்கினால் விழுந்துவிடுவான். ஆனால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேறொரு இடத்துக்குத் தாவுவான். அதை நாங்கள் ஜம்ப் என்று சொல்வோம். மறைந்து நின்று பார்க்க வேண்டும். எதிரியில் எவன் தனியாக இருக்கிறான், எவன் ஏற்கெனவே அடிபட்டு அரை உயிரில் ஓடுகிறான் என்று பார்த்து, அவன் தலைமேல் குதித்து, கையிலிருக்கிற மந்திரம் நாலையும் ஒரே மூச்சில் கொட்டி, அவன் விழுந்ததும் மறுபடி ஒரு ஜம்ப் அடித்து ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. நேருக்கு நேர் நின்று சண்டை போடவே தெரியாத ஜென்மம். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது யோசித்தால், ஏன் பிடித்தது என்று தெரிகிறது, தெரிவதாலேயே எரிச்சலாகவும் இருக்கிறது. கூட இருக்கும் நாலு பேர் அடி வாங்கி, அடி கொடுத்து, எதிரியை முக்கால்வாசி சாகடித்து வைத்திருப்பார்கள். நான் கடைசியில் வந்து ஒரு மந்திரத்தைப் போட்டு கில்லை என் பெயரில் எழுதிக்கொள்வேன். "டேய், என் கில்லுடா அது!" என்று எவனாவது கத்துவான். "நான் அடிக்கலன்னா தப்பிச்சிருப்பான் மச்சான்" என்று நான் சொல்வேன். சொல்லும்போது குரலில் ஒரு சிரிப்பு வேறு. அந்தக் குரலை இப்போது யாராவது ரெக்கார்டு போட்டுக் காட்டினால் எழுந்து போய் அறைந்துவிடுவேன்.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் கடலூர் ஓ.டி.க்கு, அதாவது ஓல்டு டவுனுக்கு, அந்தப் பக்கம் ஒரு குப்பத்துப் பையன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். அவன் வகுப்பில் என் செக்‌ஷன்தான். தினமும் என் பஸ்ஸில்தான் வருவான், ஓ.டி.யில் ஏறுவான். நான்கு அரியர் வைத்திருந்தான். இங்கிலீஷில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். அவனோடு யாரும் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். அவன் வந்தாலே மூக்கைப் பொத்திக் காட்டுகிற ஒரு கூட்டம் இருந்தது. அவனை அவர்கள் கூப்பிட்ட பெயர் கருவாடு. நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். போன முதல் வாரத்திலேயே ஆட்டம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் எடுத்தது சப்போர்ட். அந்த வேலையை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள். சேர்க்கிற காசையெல்லாம், திரையில் சேர்கிற பொய்க்காசைத்தான் சொல்கிறேன், மற்றவர்களுக்காகச் செலவழிக்க வேண்டும். காட்டுக்குள் அங்கங்கே கண் நட வேண்டும். அந்தக் கண் நட்ட இடத்தில் எதிரி வந்தால் நம் எல்லோருக்கும் தெரியும். கூட்டாளி அடிபட்டால் மருந்து கொடுக்க வேண்டும். துரத்தி வருகிறவன் வழியில் போய் நிற்க வேண்டும். நின்று, சாக வேண்டும். அவன் நின்றான், செத்தான். ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து தடவை செத்தான். பெரும்பாலும் எனக்காகத்தான் செத்தான்.

ஆற்றுக்குப் பக்கத்தில் மரக்கூட்டத்துக்கு நடுவே ஓர் இடுக்கு இருந்தது. ஒரு ஆள் மட்டும் நுழையலாம். உள்ளே கொஞ்சம் இடம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு நாள் தற்செயலாக நான் ஜம்ப் அடித்து அதற்குள் விழுந்தபோதுதான் அது இருப்பதே தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் கொன்றுவிட்டு ஓடி ஒளிவது அங்கேதான். அவன் எனக்கு முன்னாலேயே போய் அங்கே நின்றிருப்பான். நான் வந்து விழுந்ததும் ஓர் அடி ஒதுங்கி எனக்கு இடம் விடுவான். பிறகு போய் அந்த இடுக்கின் வாயில் அடைத்துக்கொண்டு நிற்பான். துரத்தி வந்தவர்கள் அவனைக் கொன்றால்தான் உள்ளே வர முடியும். அவர்கள் அவனைக் கொன்று முடிப்பதற்குள் நான் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஒரு வருஷம் இப்படித்தான். நாங்கள் இதைப் பேசி வைத்துக்கொண்டதில்லை. அவனாகச் செய்ததுதான்.

பஸ்ஸில் ஒரு நாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது சொன்னான். "கீழ எவனுக்கும் நான் இருக்குறதே தெரியாது மச்சான். மேல படி ஏறுனாத்தான் நானும் ஒரு ஆளு. எனக்குன்னு ஒரு சேரு இருக்குது பாரு, அதுக்குத்தான் காலேஜுக்கே வர்றேன்."

"ஏன்டா இப்புடி ஓவரா பேசுற" என்றேன் நான்.

"நெசந்தான்டா. அது இல்லன்னா நான் போட்டுல ஏறிடுவேன். எங்கப்பா எப்ப எப்பன்னு காத்துக்கிட்டுக் கெடக்குறாரு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இங்கே கரெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் தினமும் இரண்டு மணி நேரம் கரெண்டு கட். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வரும். காலேஜில் இருந்து நழுவி, ஆளைச் சேர்த்து, ஆட்டத்தை ஆரம்பிக்கவே ஒன்றாகிவிடும். கோட்டையை இடித்து ஆட்டத்தை முடிக்க நேரம் பத்தாது. நடுவில் பொசுக்கென்று எல்லாம் அணைந்துவிடும். அப்போது யார் ஜெயித்தது என்று பெரிய அடிதடி நடக்கும். சென்டர் அண்ணன், நெற்றியில் பட்டை போட்ட, எதற்கும் பதறாத ஆள், இதற்கு ஒரு சட்டம் போட்டார். அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் யூ.பி.எஸ். உண்டு. அதில் ஆட்டத்தின் கணக்கு நிற்கும். கரெண்டு போகும்போது எந்தப் பக்கம் கில் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் ஜெயித்தது. அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

இந்தச் சட்டம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. ஆட்டத்தையே அது நாறடித்துவிட்டது. கோட்டை என்ற ஒன்றை எல்லோரும் மறந்தார்கள். ஒன்றே முக்கால் ஆனால் போதும், பத்துப் பேரும் வெறிநாய் மாதிரி கில்லுக்கு அலைவார்கள். சுவர்க் கடிகாரத்தை ஒரு கண், திரையை ஒரு கண். அந்தக் கால் மணி நேரத்துக்கு ராஜா யார்? என்னை மாதிரி ஒளிந்திருந்து பாய்கிறவன்தான். அண்ணன் சுவரில் ஒரு போர்டு மாட்டி, வாராவாரம் ஆளுக்கு எத்தனை கில் என்று எழுதுவார். முதலில் என் பெயர் இருக்கும். கடைசியில் அவன் பெயர் இருக்கும். கண் நட்டதற்கும் வழியில் நின்றதற்கும் அந்த போர்டில் இடமில்லை.

புதுச்சேரியில் ஒரு காலேஜ் சிம்போசியத்தில் இந்த ஆட்டத்தைப் போட்டியாக வைக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. எங்கள் சென்டரிலிருந்து ஒரு டீம் போகலாம் என்றார் அண்ணன். எங்கள் டீமில் மற்ற மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். புதிதாக ஒருத்தன் வந்திருந்தான், குறிஞ்சிப்பாடிக்காரன், சொந்தமாக லேப்டாப் வைத்திருந்தான், போர்டில் மூன்றாவது. "அவன எடுத்துக்குவோம் மாமா. உன் ஃப்ரெண்டு போர்டுல கடைசில கெடக்கான். செத்துக்கிட்டே இருக்கான். அவனால நமக்கு இன்னா பிரயோஜனம்?" என்றார்கள் என்னிடம்.

என்ன பிரயோஜனம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் இல்லாவிட்டால் போர்டில் என் பெயர் நாலாவதோ ஐந்தாவதோ இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அவன் தயவில்தான் நீ முதல் இடமா என்று கேட்டிருப்பார்கள். "உங்க இஷ்டம்" என்றேன். தோளைக் குலுக்கியது கூட ஞாபகம் இருக்கிறது. த்தூ.

அவனிடம் நானே சொன்னேன். மாடிப்படியில் நின்று சொன்னேன். "சரி மச்சான், நீங்க நல்லா ஆடுங்க" என்றான். மேலே வராமல் அப்படியே இறங்கிப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து அவன் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஹாஸ்டல் பையன்கள் டீம் அது. அவர்கள் டீமில் மூத்தவன் ஒரு ஃபைனல் இயர்க்காரன், பெரிய சத்தம், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு ஆட்டம், ஜெயிக்கிற டீம் மறுநாள் புதுச்சேரிக்குப் போகும் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். அவனை அவர்கள் ஏன் எடுத்தார்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே அந்த மூத்தவன் சொன்னான். "டேய் கருவாடு, நீதான அவன்கூட ஒரு வருஷமா ஆடுன? அவன் அடிச்சிட்டு எங்க ஓடுவான்னு உனக்குத்தான் தெரியும். அங்க போயி நில்லு, வந்தா போட்டுத் தள்ளு. இன்னிக்கு உன்னால தோத்தோம்னு வை, மவனே, இந்தப் படியே ஏறக் கூடாது."

"சரிண்ணா" என்றான் அவன். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மாடிக்கு வரும் வழியை அவனுக்கு அடைத்துவிட இந்த ஒரு ஆட்டம் போதும். அதை அவன் அறிவான், நானும் அறிவேன். எனக்கோ புதுச்சேரிக்குப் போக வேண்டும். போர்டில் முதல் ஆள் நான், போகாவிட்டால் அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அசிங்கம் என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒன்றேகாலுக்கு ஆரம்பித்தோம். அறையில் பத்து ஆடுகிறவர்கள், வேடிக்கை பார்க்க ஒரு இருபது பேர். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள், திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம். அக்குள் நாற்றம், சமோசா எண்ணெய் நாற்றம், எவனோ கழற்றிப் போட்ட ஷூ நாற்றம். இத்தனை நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் அந்த மூத்தவன் அவனைக் கருவாடு என்றான்.

எங்கள் குறிஞ்சிப்பாடிக்காரன் ஒரு கண் கூட நடவில்லை. எனக்காக யார் வழியிலும் போய் நிற்கவில்லை. அவனும் என்னை மாதிரியே கடைசி அடிக்கு அலைந்தான். முதல் அரை மணி நேரத்தில் நான் ஆறு தடவை செத்தேன். அதற்கு முன் ஒரு வாரம் முழுக்க அத்தனை தடவை செத்ததில்லை. அந்தப் பக்கம் அவன் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் எந்த வழியாகப் போனாலும் அங்கே அவன் நட்ட கண் இருந்தது. நான் யார் மேல் குதித்தாலும் அடுத்த நொடியில் அவன் வந்து மருந்து கொடுத்துக் காப்பாற்றினான். அவன் இருந்த டீமுக்குப் புதுத் தெம்பு வந்திருந்தது. மூத்தவனே ஒரு தடவை, "டேய், சூப்பர்டா!" என்று கத்தினான். அவன் சிரித்தது முதுகுப் பக்கமிருந்து எனக்குக் கேட்டது.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு இரண்டு பக்கமும் சமம். முப்பத்தொன்று, முப்பத்தொன்று. அறையே கத்திக்கொண்டிருந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம்டா! ஒரு கில்லு, ஒரே ஒரு கில்லு!" நான் ஆற்றோரம் ஒளிந்திருந்து, அந்த மூத்தவன் தனியாக வருவதைப் பார்த்துக் குதித்தேன். நாலு மந்திரத்தையும் கொட்டினேன். அவன் சாகவில்லை. மயிரிழை உயிரோடு நின்றான். அவன் ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். எனக்கும் ஒரே ஒரு அடி தாங்கும் உயிர்தான் மிச்சம். ஜம்ப் அடித்தேன். வேறெங்கே? அந்த மரக்கூட்டத்து இடுக்குக்குத்தான்.

உள்ளே அவன் நின்றிருந்தான்.

முடிந்தது என்று கையை மவுஸிலிருந்து எடுத்தேவிட்டேன். ஒரே தட்டு தட்டினால் போதும். அவன் டீம் ஜெயிக்கும், அவன் நாற்காலி அவனுக்கு நிலைக்கும், புதுச்சேரிக்குப் போவான். அவன் வீரன் அசைந்தான். ஓர் அடி ஒதுங்கி எனக்கு இடம் விட்டான். பிறகு எப்போதும் போல போய் இடுக்கின் வாயில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடைத்து நின்றான். துரத்தி வந்த அவனுடைய டீம் ஆட்களாலேயே உள்ளே வர முடியவில்லை.

"டேய், வழி விடுறா! ஏய்!" என்று மூத்தவன் அலறினான். அலறல் கேட்ட பிறகுதான் என் பழைய கூட்டாளிக்கு உறைத்திருக்க வேண்டும். "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தது.

அதற்குள் எனக்கு மந்திரம் திரும்பிவிட்டது. மூன்று நொடி. எனக்கு முன்னால் ஒரு முதுகு. யோசித்தேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்தேன். முழுசாக யோசித்தேன். ஒருவனை ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு மூன்று நொடி தாராளமான நேரம். நாலு மந்திரத்தையும் அவன் முதுகில் இறக்கினேன். முப்பத்திரண்டு. எங்கள் ஆட்கள் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தார்கள். அடுத்த நிமிஷத்தில் ஃபேன் நின்றது, திரைகள் அணைந்தன, அண்ணன் தன் கம்ப்யூட்டரைப் பார்த்து, "முப்பத்திரண்டு, முப்பத்தொண்ணு" என்று சாவகாசமாக வாசித்தார்.

ஜன்னலைத் திறந்தார்கள். வெளிச்சத்தில் பார்த்தேன், அவன் கையை மவுஸ் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூத்தவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினான். "வேணும்னேதான விட்ட? பழைய டீமுக்கு வேல பாக்க வந்தியா? சொல்றா!"

"இல்லண்ணா, சத்தியமா இல்லண்ணா. கை தானா போயிடுச்சுண்ணா."

"கை தானா போச்சா? யாருகிட்ட காது குத்துற?" மூத்தவன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்றா. அவன் உன்ன விட்டானா, இல்லியா?"

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். என்ன நடந்தது என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஒரு வருஷம் தினமும் எனக்கு வழிவிட்டு வாசலில் நின்று செத்தவன் அவன், அவன் கைக்கு அது பழகிப்போய்விட்டது, போர்டில் இருக்கிற என் கில்லில் பாதி அவனுடையது, இந்த மாடியில் அவனை மாதிரி சப்போர்ட் ஆட ஒருவனும் கிடையாது. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சொல்லியிருந்தால் அந்த மூத்தவன் கூட நம்பியிருப்பான், கொஞ்ச நேரம் முன்னால் சூப்பர்டா என்றவன்தானே. ஆனால் அப்படிச் சொன்னால் அந்த முப்பத்திரண்டாவது கில் என்னுடையதாக இருக்காது. முந்தின முதல் இடங்களும் என்னுடையதாக இருக்காது.

"அவன் எங்கண்ணா விட்டான்?" என்றேன். "நான் வந்ததே அவனுக்குத் தெரியல. அவனுக்கு ஆடத் தெரியாதுன்னுதான நாங்களே கழட்டி விட்டோம்."

அறை முழுக்கச் சிரித்தது. மூத்தவனும் சிரித்துவிட்டான், காலரை விட்டான். "நல்ல ஆளத் தலைல கட்டுனீங்கடா" என்றான். "போடா, போயி மீனு புடி." அவனும் கூடச் சிரித்தான். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாதே, அந்தச் சிரிப்பு. அவன் முகத்தில் அது நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

துரோகிப் பட்டத்திலிருந்து அவனைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நயமான பொய். இப்படி ஒரு பொய்யைத் தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்கவே எனக்கு இப்போது கூசும். நானோ அந்த ஆளோடுதான் தூங்கி எழ வேண்டியிருக்கிறது.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அவன் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். கர்ச்சீப்பைப் போட்டு வைத்திருந்தான். வேறு பஸ்ஸில் போகலாமா என்று ஒரு கணம் நின்றேன், அதற்குள் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டான். புதுச்சத்திரத்தில் பஸ் நின்று கிளம்பியது.

"தேங்க்ஸ் மச்சான்" என்றான் திடீரென்று.

"எதுக்கு?"

"விட்டுட்டான்னு நீ சொல்லல பாரு. சொல்லியிருந்தீனா அவுங்க அடிச்சிருப்பாங்க. துரோகின்னு ஒரு பேரு வேற. ஆடத் தெரியாதவன்ன்றது பரவால்ல."

அவன் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் திட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நெஞ்சார நன்றி சொன்னான் அந்தப் பாவி.

எங்கள் டீமில் ஒரு சிக்கல் வந்திருந்தது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்த கையோடு குறிஞ்சிப்பாடிக்காரன், மறுநாள் தன் அக்காவுக்கு நிச்சயதார்த்தம், புதுச்சேரிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான். படியிறங்கும்போது அது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் சீட்டின் கிழிசலை நோண்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான். "மச்சான், நாளைக்கு நான் வேணா வரட்டுமா? எனக்கு கில்லு எதுவும் வேணாம். சும்மா கண்ணு நட்டுக்கிட்டு ஓரமா இருக்கேன்."

ஆள் தேவைதான். அவனைவிட நல்ல ஆள் கிடைக்காது. அவன் வந்தால் அடுத்த நாள் நான்கு கில்லாவது கூடுதலாக எடுப்பேன் என்று கூட மனசு கணக்குப் போட்டது. ஆனால் அந்த இடுக்கில் நடந்தது தெரிந்த ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு தடவை நான் ஜெயிக்கும்போதும் அவனுக்குத் தெரியும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"டீம் ஃபுல்லு மச்சான்" என்றேன். "வேற ஒருத்தன்கிட்ட சொல்லிட்டாங்க."

"அப்ப சரி" என்றான். "ஜெயிச்சிட்டு வாங்க." ஓ.டி. வந்ததும் இறங்கினான். திங்கட்கிழமை அவன் ஓ.டி.யில் பஸ் ஏறவில்லை. அதற்கப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் ஏறவில்லை. அண்ணனோடு போட்டில் போவதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த பஸ் பேச்சுக்கு மறுநாள், சனிக்கிழமை, புதுச்சேரிக்கு நாங்கள் நாலு பேராகத்தான் போனோம். ஐந்து பேருடைய பெயரும் காலேஜ் ரோல் நம்பரும் எழுதிக் கொடுத்தால்தான் ஆட விடுவோம் என்றார்கள். ஆடுவதற்கு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த எவனோ ஒரு பையனைப் பிடித்துவிட்டோம். பேப்பரில் எழுத எங்கள் காலேஜ் நம்பர் ஒன்று வேண்டும். மற்ற மூன்று பேரும் முழித்தார்கள். எனக்கு ஒரு நம்பர் மனப்பாடமாகத் தெரியும். முந்தின நாள் ஓ.டி.யில் இறங்கிப் போனவனின் நம்பர், நான் வகுப்புக்குப் போகாமல் கேன்டீனில் கிடந்த காலைகளில் எனக்கு அட்டெண்டன்ஸ் சொன்னவனின் நம்பர், அதற்குப் பதிலாக அவனுக்கு நான் இரண்டோ மூன்றோ தடவை சொல்லியிருக்கிறேன். ஃபாரத்தை என் பக்கம் இழுத்து, ஐந்தாவது வரியில் அவன் பெயரையே எழுதினேன்.